மனநல மருந்தும் உடல் அசைவுகளும்: பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும்

மனநோய்க்கு மருந்து சாப்பிட ஆரம்பித்த மூன்றாம் நாள் ஓர் இளைஞருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. கருவிழிகள் மேலே சொருகி நிற்கின்றன. தாடை இறுகி, பேச்சு குழறுகிறது. பார்த்துக் கொண்டிருக்கும் தாய் பதறிப் போகிறார். "ஜின் பிடித்து விட்டது", "யாரோ செய்வினை வைத்து விட்டார்கள்" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்புகிறது. மருந்து நிறுத்தப்படுகிறது. ஓதிப் பார்க்க ஆள் தேடுகிறார்கள்.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அக்யூட் டிஸ்டோனியா என்பார்கள். மனநோய் மருந்தினால் திடீரென்று ஏற்படும் தசை இறுக்கம் அது. மருத்துவமனையில் உரிய ஊசியைப் போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிடும். பெயர் தெரிந்தால் அரை மணி நேர வேலை. பெயர் தெரியாவிட்டால் பல மாத அலைச்சல். கடைசியில் சிகிச்சையே பாதியில் நின்றுபோகும்.

மனநோய் மருந்துகளால் வரும் உடல் அசைவுக் கோளாறுகள் எவை, மருத்துவர் அவற்றை எப்படி இனம் காண்கிறார், நோயாளியின் பதிவேட்டில் அவை எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நோயாளி உள்ள குடும்பங்களுக்கும், ஓதிப் பார்க்க ஆட்கள் தேடி வரும் நம்மைப் போன்ற ஆலிம்களுக்கும், மெடிக்கல் கோடிங் துறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் இது தேவைப்படும் விஷயம்.

மருந்து செய்யும் வேலை

காதில் குரல் கேட்பது, இல்லாததை இருப்பதாக நம்புவது, காரணமில்லாமல் எல்லோரையும் சந்தேகிப்பது போன்ற தீவிர மனநோய்களுக்கு 1950களுக்கு முன்பு சரியான மருந்து எதுவும் கிடையாது. 1952-ல் பாரிஸ் நகரில் ஜான் டிலே, பியர் டெனிகர் என்ற இரண்டு மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். 1958-ல் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் ஹாலோபெரிடால் மருந்தைக் கண்டுபிடித்தார். இவை முதல் தலைமுறை மருந்துகள். பிற்பாடு வந்த ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்றவை இரண்டாம் தலைமுறை.

மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் செய்தி கொண்டு போகும் வேலையைச் செய்கிறது. இந்த மருந்துகள் அதன் வேகத்தைத் தடுக்கின்றன. அதனால் குரல்கள் அடங்குகின்றன, சந்தேகம் குறைகிறது. ஆனால் நாம் கை, கால், முகத்தைச் சீராக அசைப்பதற்கும் அதே டோபமைன்தான் தேவை. அந்தப் பகுதியிலும் தடுப்பு விழும்போது உடல் அசைவில் கோளாறு வருகிறது. மருந்து கெட்டது என்றோ, நோயாளிக்கு வேறு ஏதோ புகுந்து விட்டது என்றோ இதற்குப் பொருள் கிடையாது. மருந்து ஓரிடத்தில் நன்மை செய்கிறது, இன்னோரிடத்தில் தொல்லை தருகிறது. இரண்டையும் எடைபோட்டு அளவைச் சரிசெய்வது மருத்துவரின் பொறுப்பு.

நான்கு வகை, நான்கு கால அளவு

இந்தக் கோளாறுகளைப் பிரித்தறிய முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மருந்து ஆரம்பித்து, அல்லது அளவைக் கூட்டி, எத்தனை நாள் கழித்து இது வந்தது?

ஒன்று, சில மணி நேரம் முதல் சில நாட்களுக்குள் வருவது. மேலே சொன்ன டிஸ்டோனியா இதுதான். இளைஞர்களிடம் அதிகம் காணப்படும். கழுத்து, கண், தாடை, நாக்கு, முதுகு ஆகிய இடங்களில் தசை இழுத்துப் பிடிக்கும். தொண்டைத் தசை இறுகினால் மூச்சுக்கே ஆபத்து என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு, சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள் வருவது. இதன் பெயர் அகத்திசியா. நோயாளியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எழுவார், நடப்பார், மறுபடி உட்காருவார், காலை மாற்றி மாற்றி வைப்பார். உள்ளுக்குள் ஒரு தவிப்பு அவரை விரட்டிக் கொண்டே இருக்கும். இந்த நான்கில் மிக எளிதாகத் தவறாகப் புரிந்து கொள்ளப்படுவது இதுதான். "நோய் முற்றி விட்டது" என்று நினைத்து மருந்தின் அளவைக் கூட்டினால் தவிப்பும் கூடும். அது தாங்க முடியாமல் தற்கொலை எண்ணம் வரை போனவர்களும் உண்டு. அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, ப்ரோப்ரனோலால் போன்ற மருந்தைச் சேர்ப்பது ஆகியவை இதற்கான வழிகள்.

மூன்று, சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் வருவது. கை நடுக்கம், உடல் விறைப்பு, முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாமை, சின்னச் சின்ன எட்டு வைத்து நடப்பது. பார்ப்பதற்குப் பார்க்கின்சன் நோய் மாதிரியே இருக்கும். ஆனால் மருந்தால் வந்தது. மருந்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். இதை "சோம்பல்", "மந்தம்" என்று வீட்டில் திட்டுவதும், வயதானவர் என்றால் "பார்க்கின்சன் வந்து விட்டது" என்று முடிவு கட்டுவதும் நடக்கின்றன.

நான்கு, பல மாதங்கள் அல்லது பல ஆண்டுகள் கழித்து வருவது. டார்டிவ் டிஸ்கினீசியா என்று பெயர். டார்டிவ் என்றால் தாமதமாக வருவது என்று அர்த்தம். வாய் எதையோ மெல்லுவது போல அசையும். நாக்கு வெளியே வந்து வந்து போகும். உதடு குவியும், கண் அடிக்கடி சிமிட்டும், விரல்கள் பியானோ வாசிப்பது போல ஆடும். தூங்கும்போது நின்றுவிடும், மனம் பதறும்போது கூடும். பல நோயாளிகளுக்குத் தம் வாய் அசைவது தமக்கே தெரியாது. வெற்றிலை பாக்கு போடும் பழக்கமுள்ள பெரியவர் என்றால் வீட்டிலும் யாரும் கவனிப்பதில்லை. முதல் தலைமுறை மருந்துகளைச் சாப்பிடும் பெரியவர்களில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் பேருக்கு இது புதிதாக வருகிறது. முதியவர்களிடம் இது பல மடங்கு அதிகம். இரண்டாம் தலைமுறை மருந்துகளில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இது நிரந்தரமாகத் தங்கிவிடக் கூடியது என்பதால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது முக்கியம்.

இவை தவிர, ஓர் அவசர நிலையும் உண்டு. கடும் காய்ச்சல், உடல் மரக்கட்டை போல விறைப்பது, நினைவு தடுமாறுவது, வியர்த்துக் கொட்டுவது எல்லாம் சேர்ந்து வந்தால் அது நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம். உயிருக்கே ஆபத்தானது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அந்த மணி நேரமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

இதற்கென்று ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கண்ணால் பார்த்து, கேட்டறிந்துதான் முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் தவறவும் விடுகிறார்கள்.

தாமத அசைவை அளக்க எய்ம்ஸ் என்ற அளவுகோல் உண்டு. டெல்லி மருத்துவமனைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அசாதாரணத் தன்னியக்க அசைவுகளை அளக்கும் முறையின் ஆங்கிலச் சுருக்கம் இது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 1976-ல் வெளியிட்டது. மொத்தம் 12 அம்சங்கள். முகம், உதடு, தாடை, நாக்கு, கைகள், கால்கள், உடற்பகுதி என ஏழு இடங்களுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோயாளியைக் கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலியில் உட்கார வைப்பார்கள். காலணியைக் கழற்றச் சொல்வார்கள். வாயில் ஏதாவது இருக்கிறதா, பல் செட் சரியாகப் பொருந்துகிறதா என்று கேட்பார்கள். வாயைத் திறக்கச் சொல்வார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை வேகமாகத் தொடச் சொல்வார்கள். கவனம் கையில் இருக்கும்போது வாயின் அசைவு வெளிப்படும். கடைசியில் எழுந்து நடக்கச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் போதும்.

மதிப்பெண் மட்டும் நோயை முடிவு செய்யாது. 1982-ல் ஸ்கூலர், கேன் என்ற ஆய்வாளர்கள் மூன்று நிபந்தனைகள் சொன்னார்கள். குறைந்தது மூன்று மாதம் அந்த வகை மருந்து சாப்பிட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் மிதமான அசைவோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் லேசான அசைவோ இருக்க வேண்டும். அசைவுக்கு வேறு காரணம் இருக்கக் கூடாது. அந்த வேறு காரணங்களில் ஹன்டிங்டன் நோய், வில்சன் நோய், பக்கவாதம் போன்றவையும், பொருந்தாத பல் செட்டும் அடங்கும். வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்ரமைடு என்ற மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டாலும் இதே அசைவு வரும். எனவே மனநோய் மருந்தை மட்டும் சொல்லாமல், சாப்பிடும் எல்லா மருந்துகளின் சீட்டையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெயர் மாறினால் மருந்தும் மாறிவிடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் நம் ஊரில் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை அதிகம் எழுதப்படுகிறது. மூன்றாவது வகைக்கு அது உதவும். அதையே நான்காவது வகைக்குக் கொடுத்தால் வாய் அசைவு கூடக் கூடும். நான்காவது வகைக்கென்றே வல்பெனசின், டியூடெட்ராபெனசின் என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்க அரசு 2017-ல் அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பிருந்தே பயன்பாட்டில் உள்ள டெட்ராபெனசினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

பதிவேட்டில் எழுதுவதும் ஓர் அமானிதம்

சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் ஆவணங்களைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் பதிவதுதான் வேலை. "வெறும் எண் போடும் வேலை" என்று சிலர் இதைக் குறைத்துப் பேசுவதுண்டு. அந்த எண்தான் ஒரு நோயாளியின் கோப்பில் ஆண்டுக்கணக்கில் அவரைப் பற்றிப் பேசப் போகிறது. அது ஒரு வகையில் சாட்சியம்.

அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல் பயன்பாட்டில் உள்ள ஐசிடி-10-சிஎம் தொகுப்பில் இந்தக் கோளாறுகளுக்குத் தனித்தனி எண்கள் இருக்கின்றன. மருந்தால் வந்த திடீர் டிஸ்டோனியா ஜி24.02. அகத்திசியா ஜி25.71. மனநோய் மருந்தால் வந்த பார்க்கின்சனிசம் ஜி21.11. டார்டிவ் டிஸ்கினீசியா ஜி24.01. நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் ஜி21.0.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஜி24.01-இல்தான் குழம்புவார்கள். அதன் தலைப்பில் தாமதம் என்ற சொல்லே இருக்காது; மருந்தால் வந்த சப்அக்யூட் டிஸ்கினீசியா என்றுதான் இருக்கும். டார்டிவ் டிஸ்கினீசியா அதன் கீழே உட்பிரிவுச் சொல்லாக வரும். பக்கத்திலேயே ஜி24.4 என்று ஓர் எண் உண்டு. அது காரணம் தெரியாத வாய், முக அசைவுக்கு உரியது. மருந்தால் வந்ததற்கு அந்த எண்ணைப் போட்டால், காரணமான மருந்து கோப்பிலிருந்தே மறைந்துவிடும். அதே போல ஜி21.11-க்குப் பதில் ஜி20 வரிசையில் ஓர் எண்ணைப் போட்டால், மருந்தைக் குறைத்தால் குணமாகக் கூடிய ஒருவர் வாழ்நாள் பார்க்கின்சன் நோயாளி ஆகிவிடுவார். அகத்திசியா என்று மருத்துவர் எழுதியிருக்க, அமைதியின்மைக்குரிய ஆர்45.1 மட்டும் பதிவானால், அடுத்த மருத்துவர் அதை நோயின் குணமாக எடுத்துக் கொண்டு மருந்தைக் கூட்டக் கூடும்.

எண்களின் வரிசைக்கும் விதி உண்டு. மருத்துவர் சரியாக எழுதிக் கொடுத்து, நோயாளியும் சரியாகச் சாப்பிட்டு, அதனால் வந்த தொல்லை என்றால் அது பக்க விளைவு. முதலில் தொல்லையின் எண், அடுத்து மருந்தின் எண். குளோர்ப்ரோமசின் வகை என்றால் டி43.3எக்ஸ்5, ஹாலோபெரிடால் வகை என்றால் டி43.4எக்ஸ்5, ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்றவை என்றால் டி43.595. எந்த மருந்து என்று குறிப்பு இல்லாவிட்டால்தான் டி43.505. கடைசியில் சிகிச்சையின் கட்டத்தைக் காட்டும் எழுத்து சேரும். அளவுக்கு மீறிச் சாப்பிட்டதோ தவறான மருந்தைச் சாப்பிட்டதோ என்றால் அது நச்சு விளைவு; அப்போது மருந்தின் எண் முதலில் வரும். சொன்னதைவிடக் குறைவாகச் சாப்பிட்டது, தானாக நிறுத்தியது ஆகியவை மூன்றாவது வகை; அந்த எண் ஒருபோதும் முதலிடத்தில் வராது.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. எய்ம்ஸ் மதிப்பெண் கோப்பில் இருக்கிறது என்பதற்காகக் கோடர் தாமாக நோயின் பெயரை ஊகித்துப் போடக் கூடாது. மருத்துவர் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். வெளிநோயாளிக் குறிப்பில் "இருக்கலாம்", "சந்தேகம்" என்று இருந்தால் நோயின் எண்ணைப் போடாமல், அசைவு என்ற அறிகுறிக்குரிய ஆர்25 வரிசை எண்ணோடு நிறுத்த வேண்டும். தெரிந்ததை மறைக்கவும் கூடாது, தெரியாததைச் சேர்க்கவும் கூடாது. சாட்சி சொல்வதற்கு நம் மார்க்கம் விதிக்கும் ஒழுங்கும் இதுதானே!

இதன் பலன் நோயாளிக்கு நேரடியாகப் போய்ச் சேர்கிறது. தாமத அசைவுக்கான புதிய மருந்துகள் விலை மிகுந்தவை. அவற்றுக்குப் பணம் தர, அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் கோப்பில் நோயின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கும்.

பள்ளிவாசலிலும் வீட்டிலும்

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. ஏர்வாடியிலேயே துஆவோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. என்றாலும், கழுத்து திருகினால் ஜின் என்றும், நடந்து கொண்டே இருந்தால் பைத்தியம் முற்றிவிட்டது என்றும் சொல்லும் பழக்கம் நம்மிடம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஜின் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஓதிப் பார்ப்பதும் துஆ கேட்பதும் நம் வழிமுறை. அதே மார்க்கம்தான் நோய்க்கு மருத்துவம் செய்து கொள்ளவும் நம்மைத் தூண்டுகிறது. எனவே ஓதிப் பார்க்க ஒருவரை அழைத்து வந்தால், ஆலிம்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இவர் என்ன மருந்து சாப்பிடுகிறார்? எப்போது ஆரம்பித்தார்?" பதிலைக் கேட்ட பிறகு ஓதலாம், ஓதிவிட்டு மருத்துவரிடம் அனுப்பலாம். "மருந்தை நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும். சிலருக்கு அசைவும் அதிகமாகும்.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். வாய் அசைந்து கொண்டே இருப்பவரின் தொழுகை கூடுமா? ஷாஃபிஈ மத்ஹபில் தொடர்ச்சியான மூன்று பெரிய அசைவுகள் தொழுகையை முறிக்கும் என்பது சட்டம். ஆனால் நாக்கு, உதடு, இமை, விரல் போன்றவற்றின் சிறு அசைவுகள் அதில் சேராது. தன் கட்டுப்பாட்டில் இல்லாத நடுக்கமும் மன்னிக்கப்பட்டது. எனவே அவர் தாராளமாக ஜமாஅத்தில் நின்று தொழலாம். நிற்க முடியாமல் தவிப்பவர் ஸஃப்பின் ஓரத்தில் நிற்கட்டும். அவரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், பிள்ளைகள் சிரிப்பதைக் கண்டும் காணாமல் இருப்பதும்தான் நாம் திருத்த வேண்டியவை. ரமளானில் மருந்தை விட்டுவிட்டு நோன்பு வைக்க வேண்டாம். மருந்து நேரத்தை இரவுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். முடியாது என்றால் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு.

குடும்பத்தார் செய்யக் கூடியவை எளிமையானவை. மருந்து ஆரம்பித்த தேதியையும் அளவு மாறிய தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வித்தியாசமான அசைவைக் கண்டால் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்து, மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அசைவு நின்றிருக்கலாம், வீடியோ பேசும். மருந்து ஆரம்பிக்கும் முன்பே ஒரு முறை அசைவுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பிறகு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் எய்ம்ஸ் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2020-ல் வழிகாட்டியிருக்கிறது. முதியவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஆரம்பத்திலேயே நடுக்கமோ இறுக்கமோ வந்தவர்கள் ஆபத்து அதிகம் உள்ளவர்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மனநோயால் ஒருவர் படும் வேதனை ஒரு பங்கு. மருந்தின் தொல்லைக்கு ஊரார் வைக்கும் தவறான பெயரால் படும் வேதனை இன்னொரு பங்கு. முதலாவதை முழுதாக நீக்குவது நம் கையில் இல்லை. இரண்டாவதை நீக்குவது குடும்பத்தார், ஆலிம், மருத்துவர், கோடர் என்று நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. நோயுற்றவர்களுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! அவர்களைப் பற்றி உண்மையை மட்டுமே பேசவும் எழுதவும் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.